பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

மும்பைச் சாலைகளில் 2023 அக்டோபர் 30 முதல், ஃபியட் என்ற பெயரில் தொடங்கிய பத்மினி காரை டாக்சியாகப் பார்க்க முடியாது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. இந்த நகரத்தில் டாக்சிக்கு வயது வரம்பு இருபது ஆண்டு. டாக்சிகள் போன பிறகு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில், துணி போர்த்தி நிறுத்தியிருக்கும் தாத்தாவின் ஃபியட்டைப் பழையபடி ஓட்ட வேண்டும் என்ற பேச்சு அதிகமாகியிருக்கிறது. அதைக் கேட்டு மனம் நிறைகிறது. ஆனால் அந்தப் பேச்சோடு மூன்று கருத்துகளும் சேர்ந்தே வருகின்றன. நல்ல பெயிண்டாக அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பது ஒன்று. ப்ரைமர் அடித்துவிட்டால் துரு வராது என்பது இன்னொன்று. பட்டி போட்ட வண்டி ஏமாற்று வண்டி என்பது மூன்றாவது.

மூன்றுமே தவறு. இவற்றை நம்பிப் பணத்தையும் வண்டியையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை. ஸ்ப்ரே கன்னைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி, தகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடுக்காக மேலே போகலாம்.

ஈரச் சுவரும் கார்த் தகடும்

மும்பையில் மேல்மாடியில் குடியிருக்கும் யாருக்கும் இது பழகிய காட்சி. மழைக்காலத்தில் சுவர் ஊறி உப்புகிறது. அக்டோபரில் ஆள் வைத்து, உப்பியதைச் சுரண்டி, பட்டி பூசி, ப்ரைமர் அடித்து, விலை உயர்ந்த பெயிண்டும் அடிக்கிறோம். தீபாவளிக்குச் சுவர் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் அதே இடம் மறுபடி உப்புகிறது. பெயிண்டில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் வரும் வழியை யாரும் அடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கார்த் தகட்டிலும் இதே கதைதான், இரண்டு வேறுபாடுகளோடு. சுவர் ஊறினாலும் நிற்கும். கார்த் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான், ஈரம் அதைத் தின்றே தீர்த்துவிடும். அடுத்து, சுவர் பெயிண்ட் பெரும்பாலும் மங்கலானது. காரின் பெயிண்ட் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புவது, அதனால் அடியில் உள்ள மிகச் சிறிய அலையையும் அது வெளியே காட்டிவிடும்.

ஆகவே பெயிண்டுக்கு முந்தைய வேலைகள் எல்லாவற்றுக்கும் இரண்டே நோக்கங்கள். தகட்டுக்குத் தண்ணீர் போகும் வழியை அடைப்பது ஒன்று. ஒளி நெளியாமல் திரும்பும்படி பரப்பைச் சீராக்குவது மற்றது. இனி வரும் ஒவ்வொரு வேலையையும் இந்த இரண்டில் எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

துரு எப்படி வேலை செய்கிறது

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அந்த வேதிவினை பல மடங்கு வேகம் பிடிக்கும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே தகட்டின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நடக்கும் மிகச் சிறிய மின்னோட்டம்தான். கடற்கரை நகரத்து வண்டிகள் சீக்கிரம் அரிப்பதற்குக் காரணம் இது.

துருவாக மாறிய இரும்பு, முன்பு அடைத்திருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். அந்த இடத்துக்காக அது பெயிண்டை மேலே தூக்குகிறது. வெளியில் ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது. கொப்புளம் கடுகளவு இருந்தாலும் அடியில் அரிப்பு ரூபாய் நாணயம் அளவு பரவியிருக்கலாம். பல நேரங்களில் அது உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வந்திருக்கும்.

பத்மினியில் எங்கே தேட வேண்டும்? 1964-இல் குர்லா ஆலையில் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கி, 1974-இல் பத்மினி என்று பெயர் பெற்ற இந்த வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே அடிச்சட்டமாக நிற்கும் இந்த அமைப்புக்கு மோனோகாக் என்று பெயர். கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். அதுவும் தளமும்தான் வண்டியின் முதுகெலும்பு. சில்லின் அடியில் நீர் வடியத் துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளேயே தங்கிவிடும். கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தின் அடி, கதவின் கீழ் விளிம்பு, கண்ணாடி ரப்பர் பீடிங்கின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவின் உள்பக்கம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் சில்லின் அடியைத் தட்டி அழுத்துங்கள். நல்ல தகடு ஓசை எழுப்பும், அரித்தது உள்ளே போகும்.

அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஓட்டையின் மேல் ஃபைபர் கிளாஸ் ஒட்டிப் பட்டி பூசுவது, ஈரச் சுவரில் வால்பேப்பர் ஒட்டுவதற்குச் சமம். சில்லை வெட்டும் முன் கதவு திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து உடலைப் பிடித்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கூடு தொய்ந்து, பிறகு கதவு ஒருபோதும் சரியாக மூடாது. இதைச் செய்யாத பட்டறையிடம் மோனோகாக் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

ஓட்டை விழாமல் மேலோட்டமாகத் துருப்பிடித்த இடத்துக்கு மட்டுமே ரஸ்ட் கன்வர்ட்டர் பயன்படும். அது பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட திரவம். துருவோடு வினைபுரிந்து அதை நிலையான சேர்மமாக மாற்றும். உதிரும் துருவைச் சுரண்டாமல் அதன் மேல் தடவினால் மேல் அடுக்கு மட்டுமே மாறும், அடியில் அரிப்பு தொடரும். பாஸ்பாரிக் அமில வகையில், தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், எஞ்சிய அமிலத்தைக் கழுவி உலர்த்தியாக வேண்டும். எஞ்சியதன் மேல் ப்ரைமர் பிடிக்காது.

50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ உடல்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. வெட்டும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தல், அரித்ததை வெட்டி எறிதல், வெட்டும்போது உடலின் வடிவம் கெடாமல் காத்தல். இவை முடியாமல் அடுத்த அடுக்குக்குப் போகக் கூடாது.

டிங்கரிங்: தகட்டைத் திரும்ப வரவழைப்பது

ஒடுக்கு விழுந்த தகட்டைத் தட்டி நேராக்கும் வேலை டிங்கரிங். இது வலிமையால் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் தாராவியில் ஒரு நல்ல டிங்கரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் சுத்தியலை ஓங்குவதே இல்லை. மணிக்கட்டு மட்டும் அசைகிறது. தட்டும் நேரத்தைவிடத் தடவிப் பார்க்கும் நேரம் அதிகம்.

தகட்டில் அடி விழும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. அடிபட்ட மடிப்பில் உலோகம் நீண்டு, கடினமாகவும் ஆகிவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பெரும்பகுதி நீளவில்லை. அந்த மடிப்பு பிடித்து வைத்திருப்பதால் மட்டும் உள்ளே குழிந்து நிற்கிறது. மடிப்பைத் தளர்த்தினால் சுற்றியுள்ள பகுதி தானாக எழும்பி வரும். அதனால்தான் கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுப்பது விதி. குழியின் நடுவில் பெரிய சுத்தியலால் ஓங்கி அடிப்பவர், நீளாத உலோகத்தையும் நீட்டிவிடுகிறார்.

டாலி என்பது கையில் பிடிக்கும் கனமான இரும்புக் கட்டி. அதன் ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறு வளைவில் இருக்கும். தகட்டின் பின்னால் டாலியை வைத்து, அதற்கு நேர் மேலே சுத்தியலால் தட்டினால் நடுவில் சிக்கும் தகடு தட்டையாகும், கொஞ்சம் நீளவும் செய்யும். டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்து, பக்கத்து மேட்டில் தட்டினால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும், உலோகம் அதிகம் நீளாது. கற்றுக்கொள்பவர் இரண்டாவது முறையில் பழகுவதே நல்லது.

அளவுக்கு மேல் நீண்ட தகட்டை அடையாளம் காண்பது எளிது. விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் டப்பென்று வெளியே வரும். இதற்குப் பட்டி தீர்வு ஆகாது, ஏனென்றால் அசையும் தகட்டின் மேல் பட்டி விரிசல் விடும். அந்த இடத்தில் சிறு புள்ளியாகச் சிவக்கும் வரை சூடேற்றிக் குளிர்விப்பார்கள். சூட்டில் விரிய முயலும் உலோகத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விரிய விடாது. அதனால் அந்தப் புள்ளி கனத்தில் தடித்து, குளிரும்போது முன்பைவிடச் சுருங்குகிறது. டிங்கரிங் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடித்து நீட்டியதை நெருப்பு சுருக்கித் தருகிறது. ஆனால் சூடு கொஞ்சம் மிஞ்சினால் முழுத் தகடும் நெளிந்துவிடும். ஆகவே முதலில் பழைய பானெட் ஒன்றை வாங்கி அதில் பழகுங்கள்.

பார்வையைவிடக் கைக்கு நுட்பம் அதிகம். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, மெல்லிய துணி அல்லது பருத்திக் கையுறை வழியாக நீளவாக்கில் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

பட்டி ஏமாற்றா?

தகட்டை எவ்வளவு தட்டினாலும் நூறு சதவீதம் சமமாக வராது. மீதமிருக்கும் சிறு பள்ளங்களை நிரப்பும் பசைதான் பட்டி. திறமையான கைவினைஞர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பட்டி போடுவது குற்றமல்ல. டிங்கரிங்குக்குப் பதிலாகப் பட்டி போடுவதுதான் குற்றம்.

பாலியெஸ்டர் பட்டி இரண்டு பொருள்களாக வரும். ஒன்று, பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடி கலந்த பசை. மற்றது ஹார்டனர் என்னும் பெராக்சைடு பசை. இரண்டும் கலந்தால் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. உலர்வதால் அல்ல, வேதிவினையால் இறுகுகிறது என்பதால் அளவு முக்கியம். பெரும்பாலான தயாரிப்புகளில் 100 கிராம் பட்டிக்கு 1 முதல் 3 கிராம் ஹார்டனர் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகமாகப் போட்டால், மிச்சமான பெராக்சைடு பிறகு மேலேறிப் பெயிண்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்துப் போட்டால் அடியில் இறுகாது. எடை போட்டுக் கலப்பதே நல்லது. அட்டையின் மேல் கலக்காதீர்கள், அது பிசினை உறிஞ்சிவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பலகை போதும். வெயில் நாளில் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

கனம் 2 அல்லது 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், டிங்கரிங் முடியவில்லை என்று பொருள். தகடு வெறும் இரும்பாக, 80 எண் உப்புத்தாளால் கீறப்பட்டு, துருவும் எண்ணெயும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தக் கீறல்களுக்குள் இறங்கித்தான் பட்டி பிடித்துக்கொள்கிறது.

இங்கே பல பட்டறைகளில் நடக்கும் ஒரு பழக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, தேய்ப்பதும் எளிது. ஆனால் பட்டி தண்ணீரை உறிஞ்சும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கும், அதன் மேல் ப்ரைமர் வந்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டில் கொப்புளம் வரும்போது எல்லோரும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். உங்கள் வண்டியின் பக்கத்தில் வாளியைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி என்பது வேறு பொருள். ஹார்டனர் இல்லாமல், தின்னர் ஆவியாவதால் மட்டும் காய்வது. ஆவியாகும் அளவுக்கு அது சுருங்கும். ஊசித்துளை, மெல்லிய கீறல் இவற்றுக்கு மட்டும் நல்லது. அதைக் கனமாகப் பூசிய இடம் மாதக்கணக்கில் சுருங்கி, பெயிண்டில் கோடாகத் தெரியும்.

ஒளிக்காகத் தேய்ப்பது

பளபளப்பான பரப்பில் ட்யூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாகத் தெரிந்தால் தகடு சமம், நெளிந்தால் அலை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, ஏனென்றால் பட்டியும் ப்ரைமரும் மங்கலானவை. அதனால் கைடு கோட் என்ற உத்தி. வேறு நிறப் பெயிண்டைத் தூசு போல மெல்லியதாகத் தெளித்து, நீண்ட தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேட்டில் நிறம் போய்விடும், பள்ளத்தில் நிற்கும். நிறம் எங்கும் ஒரே சீராகப் போகும் வரை தேய்ப்பதும் நிரப்புவதும் தொடரும்.

வெறும் விரலில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது. விரல்கள் இறங்கும் இடத்தில் பள்ளம் விழும். மட்கார்டு போன்ற வளைவுக்கு வளையும் கட்டை, கதவு போன்ற நீண்ட பரப்புக்கு நீளக் கட்டை. திசையை மாற்றி மாற்றி, குறுக்காகத் தேய்க்க வேண்டும்.

உப்புத்தாளின் எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். பட்டிக்கு 80-இல் வடிவம் கொடுத்து, 150, பிறகு 240 அல்லது 320. ப்ரைமருக்கு மேல் 400 முதல் 600. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் கீறலை அழிக்கத்தான். 80-இலிருந்து நேரே 400-க்குத் தாவினால் ஆழக் கீறல் அடியில் தங்கி, பெயிண்ட் சுருங்கும்போது வெளியே தெரியும்.

ப்ரைமர் ஒரே பொருள் அல்ல

சுவருக்கு அடிக்கும் ப்ரைமரைப் பார்த்துப் பழகியவர்கள் கார் ப்ரைமரையும் ஒரு பாதுகாப்புக் கவசமாக நினைக்கிறார்கள். பெரும்பாலான கார் ப்ரைமர்கள் நுண்துளை கொண்டவை, ஈரம் உள்ளே போகும். ரெட் ஆக்சைடு என்னும் செந்நிற ப்ரைமரை அடித்து மழைக்காலம் முழுக்க வெளியே நிறுத்திய கூட்டில், தீபாவளிக்குள் அடியில் துரு தொடங்கியிருக்கும். அந்தச் செந்நிறம் இரும்பு ஆக்சைடு நிறமி. துருவைத் தடுக்கும் வேறு சேர்மங்கள் கலக்காவிட்டால் அந்த நிறத்துக்கு எந்தக் காவல் சக்தியும் கிடையாது.

தண்ணீரைத் தடுக்கும் வேலைக்கு எபாக்சி ப்ரைமர். இரண்டு பொருள்கள் கலந்து இறுகும் இது, வெறும் இரும்பை இறுகப் பிடிப்பதோடு ஈரத்தையும் வெகுவாகத் தடுக்கும். ஒளியைச் சீராக்கும் வேலைக்கு சர்ஃபேசர். கனமாகப் படிந்து, எளிதாகத் தேய்ந்து, உப்புத்தாள் கீறல்களை நிரப்புவது. எபாக்சி அடியிலும் சர்ஃபேசர் மேலும் வர வேண்டும். செலவைக் குறைக்க எபாக்சியை விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. மும்பை வண்டிக்கு இது பெரிய இழப்பு.

ஒவ்வொரு எபாக்சிக்கும் ஒரு மேற்பூச்சு நேரம் உண்டு, அதாவது தேய்க்காமலே அடுத்த அடுக்கு அதனுடன் வேதிமுறையில் சேர்ந்துகொள்ளும் கால அளவு. தயாரிப்பாளர் தரும் தாளில் அது எழுதியிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் தேய்த்துக் கீறிய பிறகே அடுத்த அடுக்கு.

சுருக்கமாக: டிங்கரிங் வடிவத்தைத் தருகிறது, பட்டி மிச்சத்தை நிரப்புகிறது, எபாக்சி ஈரத்தைத் தடுக்கிறது, சர்ஃபேசர் கீறலை மறைக்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

காற்றிலுள்ள ஈரம், கையிலுள்ள எண்ணெய்

குளிர்ந்த தம்ளரின் வெளியே நீர் படிகிறதல்லவா? காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். தகடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழைக்காலக் காலையில் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிநிலை ஏறத்தாழ 26. தகடு குறைந்தது 29 டிகிரியில் இருக்க வேண்டும். இரவெல்லாம் கூரையடியில் குளிர்ந்த தகடு 27-இல் நிற்கலாம். தின்னர் ஆவியாகும்போது அது இன்னும் குளிரும். அதன் மேல் என்.சி. பெயிண்ட் அடித்தால் பால் போல வெளுத்துப்போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெட்டுதல், வெல்டிங், டிங்கரிங் வேலைகளை வைத்துக்கொண்டு, மேல் பெயிண்ட் அடிக்கும் வேலையை நவம்பருக்குத் தள்ளுவதுதான் என் அறிவுரை. மழைக்காலத்தில் வெறும் இரும்பை ஓரிரவுகூட விடக் கூடாது. வெளிக்கொணர்ந்த அன்றே எபாக்சி அடித்துவிட வேண்டும்.

அடுத்த எதிரி எண்ணெய். பழைய பாலிஷில் இருந்த சிலிக்கோன், பெயிண்டை விலகச் செய்து மீன்கண் போன்ற சிறு வட்டக் குழிகளை உண்டாக்கும். தேய்த்தால் சிலிக்கோன் கீறலுக்குள் இறங்கிவிடும். எனவே தேய்ப்பதற்கு முன்பே ஒருமுறை, பிறகு ஒருமுறை எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு துணியால் தடவி, ஈரம் காயும் முன் இன்னொரு சுத்தத் துணியால் எடுப்பது முறை. காய விட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும்.

உங்கள் நுரையீரலும் இந்த வேலையின் பகுதி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தேய்க்கும்போது தூசி முகமூடி கட்டாயம், குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. ஹார்டனர் கலந்து அடிக்கும் நவீன பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தெளிப்பு ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாங்காது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயிண்டர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லையென்றால் அந்தக் கட்டத்தை பெயிண்ட் அடிக்கவென்றே அமைத்த முறையான அறை (பூத்) உள்ள இடத்துக்கு விட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

பெயிண்ட் அடித்த பிறகு

பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடியில் எல்லாம் சரியாக இருந்தால் அது நன்றாகவே படியும். பழைய பெயிண்டை முழுக்க எடுக்காமல் அதன் மேல் அடிப்பதாக இருந்தால், மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள். நிறம் கரைந்து வந்தாலோ பெயிண்ட் சுருங்கினாலோ அதன் மேல் வலுவான தின்னர் கொண்ட பெயிண்ட் வேண்டாம்.

வெளிப்பக்கம் முடிந்ததும் பலரும் வேலை முடிந்தது என்று சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். சில்லின் உள்ளும் கதவின் உள்ளும் வெல்டிங் சூட்டில் பெயிண்ட் எரிந்துபோய் இரும்பு வெறுமையாக நிற்கிறது, அங்கே ஸ்ப்ரே கன் போகாது. மெழுகு கலந்த காப்புத் திரவத்தை நீளக் குழாய் முனையால் வடிகால் துளைகள் வழியே உள்ளே தெளிக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டு, அது அடைபடவில்லை என்று பாருங்கள். ஒவ்வொரு மே மாத இறுதியிலும் இதை மறுபடி செய்யுங்கள்.